குதிருக்குள்ள ஒளிஞ்ச அத்தை

2021 சித்திரையில உளுந்து அடிச்சு ஓய்ஞ்ச நேரம். நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி கொரோனா தடுப்பூசி போட்டார், 17ஆம் தேதி இறந்துட்டார். அன்னைக்கு மத்தியானம் வாட்ஸ்அப்ல ஒரு குரல் பதிவு வந்துச்சு. ஊசிதான் காரணம்னு யாரோ அழுத்திச் சொன்னாங்க. நானும் யோசிக்காம எங்க சொந்தக்காரங்க குரூப்புல தட்டிவிட்டேன்.

சாயந்திரமே அத்தை மகன் போன் பண்ணினான். "மச்சான், நீ அனுப்புனதைக் கேட்டுட்டு அம்மா ஊசியே வேணாங்குது."

அத்தைக்கு எழுபது வயசு, சர்க்கரை வேற. மனசு கேக்கல. மறுநாள் வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன்.

அத்தை ரவிக்கைக் கையை ஒதுக்கிக் காட்டுச்சு. வட்டமா ரெண்டு தழும்பு. "அம்மை குத்துறவங்க வந்தப்ப என்னையும் உன் பெரியத்தையையும் நெல்லுக் குதிருக்குள்ள எறக்கி விட்டுட்டாங்க. நான் தும்மிட்டேன். புடிச்சுக் குத்திட்டாங்க. அக்கா மாட்டல. அடுத்த வருஷம் ஆத்தா வந்தா. அக்காவுக்கு ஒரு கண்ணு போச்சு."

பெரியத்தைக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு சின்னதுலேர்ந்து எனக்குத் தெரியும். ஏன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இந்த ஒளியிற கதை ரொம்பப் பழசு. இங்கிலாந்துல ஜென்னர் 1796ல கண்டுபிடிச்ச பசு அம்மைப்பால், 1802ல பம்பாய்க்கு வந்துச்சு. அப்போ ஐஸ் பெட்டி ஏது? ஒரு பிள்ளைக்குக் குத்தி, அந்தக் கொப்புளத்துல ஊறுற பாலை எடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவாங்க. யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதின்னு சனங்க தயங்கினாங்க. அம்மன் கோவிச்சுக்குவாளோன்னும் பயந்தாங்க.

அப்போ சென்னையில கலெக்டரா இருந்தவர் எல்லிஸ் துரை. திருக்குறளுக்கு இங்கிலீஷ்ல உரை எழுதினாரே, அவரேதான். சனங்க பயத்தைப் போக்க அவர் ஒரு கதை எழுதினார். அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கிற மாதிரி. பசுவோட அம்மைப்பால் அம்மனே கொடுத்த வரம்னு அதுல வரும். சனங்களுக்குப் புரியிற விதத்துல பேசணும்னு அவருக்குத் தோணியிருக்கு, அது பெரிய விஷயம். ஆனா அம்மன் சொல்லாததை அம்மன் வாயில வச்சது எனக்கு ஒப்பல. ஒருநாள் அது பொய்னு தெரிஞ்சா, அப்புறம் உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவா?

பின்னாடி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல கன்னுக்குட்டிகள்லேர்ந்து பால் எடுத்துத் தயாரிச்சாங்க. 1975க்கு அப்புறம் இந்தியாவுல பெரியம்மை இல்ல. 1980ல உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. நோய் போச்சு, பயம் மட்டும் போகல. 2017ல பள்ளிக்கூடங்கள்ல தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டப்பவும் இதே வாட்ஸ்அப் வதந்திதான். கெடுவை நீட்டித்துப் போட வேண்டியதாச்சு.

அத்தைகிட்ட கேட்டேன். "இவ்வளவு பாத்தும் ஏன் அத்தை வேணாங்குற?"

"அன்னைக்கு யாரும் ஒண்ணும் சொல்லலடா தம்பி. புடிச்சாங்க, குத்துனாங்க. இன்னைக்கு சொன்னவன் நீ ஒருத்தன்தான். நீயும் செத்துப் போவேன்னுல்ல சொன்ன?"

எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. நான் அனுப்புனது விசாரிக்காம அனுப்புனதுன்னு ஒத்துக்கிட்டேன். எங்க ஊரு நர்சம்மாவுக்குப் போன் போட்டு அத்தை கையில கொடுத்தேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தணுமா, காய்ச்சல் வருமான்னு அத்தை கேட்டுச்சு. மாத்திரையை நிறுத்த வேணாம், ரெண்டு நாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம்னு அந்தம்மா மறைக்காம சொன்னாங்க. காய்ச்சல் வரும்னு சொன்ன பிறகுதான் அத்தைக்கு நம்பிக்கை வந்துச்சு. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அன்னைக்கு ராத்திரி குரூப்புல எழுதினேன்: "நேத்து நான் போட்டது தப்பு. சந்தேகம் இருந்தா கேளுங்க, நர்சம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்." பதினோரு பேர் கேட்டாங்க. கேலி பண்ணாம ஒவ்வொருத்தருக்கா கேட்டுச் சொன்னேன். விவேக் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லைன்னு பின்னாடி மத்திய அரசுக் குழுவும் விசாரிச்சுச் சொல்லிடுச்சு.

அத்தை ஊசி போட்டுக்கிச்சு. ஒருநாள் காய்ச்சல் அடிச்சுது. "சொன்ன மாதிரியே வந்துச்சுடா"ன்னு போன்ல சிரிச்சுச்சு.