அகதி முகாமிலிருந்து முன்பள்ளி வரை: லிண்டா மேசனின் பாதை

அமெரிக்காவில் வேலைக்குப் போகும் தாய்மாருக்கு முன்பள்ளிகளையும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களையும் நடத்தும் பெரிய நிறுவனங்களில் ஒன்று பிரைட் ஹொரைசன்ஸ். அதை 1986ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியவர்கள் லிண்டா மேசனும் அவரது கணவர் ரொஜர் பிரவுனும். இருவரும் யேல் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவர்கள். ஆனால் சிறுவர்களுக்கு என்ன தேவை என்பதை அவர்கள் அறிந்துகொண்டது வகுப்பறையில் அல்ல, தாய்லாந்து எல்லையில்.

பொல்பொட் ஆட்சி வீழ்ந்த பின்னர், பட்டினியால் வாடிய கம்போடிய மக்கள் அந்த எல்லையை நோக்கி வந்தனர். அங்கு அரிசியும் விதை நெல்லும் விநியோகித்த பணியில் லிண்டாவும் ரொஜரும் ஈடுபட்டனர். மாட்டு வண்டிகளில் வந்த விவசாயிகள் நெல்லை ஏற்றிக்கொண்டு தங்கள் கிராமங்களுக்கே திரும்பிப் போனார்கள். மக்களை முகாமிலேயே வைத்திருப்பதை விட, ஊரில் விதைக்க வைப்பதே மேல் என்பது அந்தத் திட்டத்தின் எண்ணம். உதவி நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியையும் அரசியலையும் பற்றி இருவரும் எழுதிய நூல் 1983இல் வெளிவந்தது. நிவாரணம் எப்படி நடக்கிறது என்பதை முகாம்களில் வாழ்ந்து பார்த்த நம்மவர்களுக்கு அதன் பொருள் புதிதாக இராது. பின்னர் 1980களின் நடுப்பகுதியில், பஞ்சம் வாட்டிய சூடானில் 'சேவ் த சில்ரன்' அமைப்பின் பணிகளை இருவரும் சேர்ந்து நடத்தினர்.

நாடு திரும்பியவர்கள் கண்டது வேறொரு பற்றாக்குறை. 1971இல் அமெரிக்க காங்கிரஸ் நாடு தழுவிய சிறுவர் பராமரிப்புச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சன் அதை இரத்துச் செய்தார். அதன் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் தனிப் பிரச்சினையாகிவிட்டது. பிரசவ விடுமுறைக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1993இல்தான். அதுவும் 12 வாரங்கள், சம்பளமின்றி. இலங்கையில் 84 நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை என்பது சட்டத்தில் இருக்கிறது என்பதை இங்கே நினைவூட்டலாம். அது எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

லிண்டாவும் ரொஜரும் கண்ட வழி எளிமையானது. பராமரிப்பு நிலையத்தை வேலைத்தலத்திலேயே அல்லது அதன் அருகிலேயே அமைப்பது. கட்டடத்துக்கும் செலவின் ஒரு பகுதிக்கும் தொழில்வழங்குநரைப் பொறுப்பேற்க வைப்பது. இது ஏன் அவசியமானது? இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி சம்பளம். மசாசூசெட்ஸ் விதிப்படி மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பராமரிப்பாளர் இருக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் பெற்றோரின் கட்டணத்திலிருந்தே எடுக்க முயன்றால், கட்டணம் தாங்க முடியாததாகும். கட்டணத்தைக் குறைத்தால் ஆசிரியையின் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் நல்ல ஆசிரியைகள் விலகிப் போவார்கள். சிறு பிள்ளைக்கோ தன்னைப் பார்க்கும் முகம் அடிக்கடி மாறுவதே பெரிய இழப்பு.

முன்பிள்ளைப்பருவக் கல்வியின் பயனுக்கு அமெரிக்காவில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வு. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் 58 பேருக்கு முன்பள்ளி வாய்ப்புக் கிடைத்தது. 40 வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, முன்பள்ளிக்குப் போனவர்களிடையே உயர்பள்ளி முடித்தவர்கள் அதிகம், வருமானமும் கூடுதல், கைதானவர்கள் குறைவு.

பெரிய நிறுவனம் பணம் கட்டும் இடத்தில்தான் இந்த முறை சிறப்பாக ஓடும் என்பது அதன் பலவீனமும்கூட. வங்கி அதிகாரியின் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அந்தக் கட்டடத்தை இரவில் துப்புரவு செய்யும் பெண்ணின் பிள்ளைக்கு? லிண்டாவும் ரொஜரும் 1988இல் பொஸ்டனில் வீடற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தனி அமைப்பொன்றைத் தொடங்கியதை இந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இன்று 'ஹொரைசன்ஸ் ஃபோர் ஹோம்லெஸ் சில்ரன்' என்று அழைக்கப்படும் அது, தங்குமிடங்களுக்குள்ளேயே விளையாட்டறைகளை அமைத்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அங்கு வந்து பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள். ஒரே அறையில் முழுக் குடும்பமும் தங்கியிருக்கும் பிள்ளைக்கு, ஓடி விளையாட ஓர் இடம். தாய்க்கு, வேலை தேடவோ சற்று மூச்சுவிடவோ கிடைக்கும் நேரம். இத்தனை பெரிய வணிகத்தை விட இந்தச் சிறிய அறைகளே என் பார்வையில் அவரது முக்கியமான பணி.

பெண்களுக்கு அவர் வழிகாட்டியதும் இதே தளத்தில்தான். வேலை செய்யும் தாய்மாரின் அனுபவங்களைத் திரட்டி 2002இல் நூலொன்றை வெளியிட்டார். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, பராமரிப்பு நிலையத்தை எப்படித் தெரிவு செய்வது, குற்றவுணர்வை எப்படிக் கையாள்வது என்பவை அதில் பேசப்படும் விடயங்கள். மெர்சி கோர்ப்ஸ் என்ற சர்வதேச உதவி அமைப்பின் இயக்குநர் சபைக்கும் அவர் தலைமை வகித்தார்.

பிரைட் ஹொரைசன்ஸ் 1997இல் பங்குச் சந்தைக்கு வந்தது; அடுத்த ஆண்டு மற்றொரு பராமரிப்பு நிறுவனத்துடன் இணைந்தது. பிரித்தானியாவிலும் அதன் நிலையங்கள் இருக்கின்றன. 2018இல், தனது ஆசிரியைகள் கட்டணமின்றி முன்பிள்ளைப்பருவக் கல்வியில் பட்டம் பெறும் திட்டமொன்றையும் அந்நிறுவனம் அறிவித்தது.