குதிரை அறிவும் சூது அறிவும்

திருக்கோவலூர் மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது முதலில் இது. அடுத்தது ஊர் எல்லையில் ஐயனாருக்கு நிற்கும் மண்குதிரைகள். ஒன்று போருக்கு, மற்றது காவலுக்கு. இரண்டும் பந்தயத்தில் ஓடியவையல்ல. பந்தயக் குதிரை வெள்ளைக்காரனோடு வந்து கிண்டியோடு நின்றுவிட்டது. அங்கே 1777இலிருந்து ஓட்டம் நடந்ததாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் ஏற்பட்டது. கல்வராயன் மலையடிவாரத்துக்காரனுக்கு அதோடு எந்தச் சம்பந்தமும் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் கிண்டியைப் பற்றி நீதிமன்றத்தில் நடந்த வாதம் ஒன்று கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவன் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த வாதத்தின் சரித்திரத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

வாதத்தின் வேர் ரேஸ் டிப்ஸில் இருக்கிறது. டிப்ஸும் ஓர் எழுத்து வகைதான். அது எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறது. ஆனால் அதன் கச்சாப்பொருள் முழுக்க இறந்தகாலம். குதிரையின் தந்தை எது, தாய் எது, சென்ற ஓட்டத்தில் எத்தனை நீளத்தில் தோற்றது, எவ்வளவு எடை சுமந்தது, தூரம் ஆயிரத்து இருநூறு மீட்டரா ஆயிரத்து அறுநூறா, தரை ஈரமா காய்ச்சலா, ஜாக்கி யார், விடியற்காலைப் பயிற்சியில் என்ன நேரம் காட்டியது. இத்தனையும் படித்து மூன்று பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுப்பான் டிப்ஸ்காரன். ஓட்டம் முடிந்த மறுநாள் இதன் இரட்டைப் பிறவியான முடிவு விமர்சனம் வரும். புறப்படும்போதே பின்தங்கிவிட்டது, திருப்பத்தில் வழி கிடைக்கவில்லை, இன்னும் நூறு மீட்டர் இருந்திருந்தால் பிடித்திருக்கும் என்றெல்லாம் அது சொல்லும். இவை பொய்யல்ல. பெரும்பாலும் கண்ணால் பார்த்த உண்மைகள். ஆனால் அவை வாசகனிடத்தில் செய்கிற வேலை வேறு. தோற்றவனை அவை 'கிட்டத்தட்ட ஜெயித்தவன்' ஆக்குகின்றன. போன பணம் பாடத்துக்குக் கட்டிய சம்பளமாகிவிடுகிறது. அடுத்த வாரம் அவன் திரும்பி வருவது பேராசையால் மட்டுமல்ல; தான் கற்றுக்கொண்டுவிட்டதாக நம்புவதாலும்தான்.

1974இல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே வருஷம். ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன என்பதே காரணம். 1975 மார்ச் 31 முதல் அமல் என்று அறிவித்தார்கள். கிளப் உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஏப்ரலில் அங்கே தடை கிடைத்து ஓட்டம் தொடர்ந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. அதுவும் வழக்காயிற்று. இத்தனைக்கும் நடுவில் 1968இல் ஆரம்பித்த அரசு லாட்டரி தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அதன் கோஷம். பரம்பரை, எடை, தரை எதையும் படிக்க வேண்டாத, முழுக்கமுழுக்கக் குருட்டு அதிர்ஷ்டத்தை அரசே கூவி விற்றது. கொஞ்சமாவது படிக்க வேண்டியிருந்த பந்தயத்தைச் சூது என்று ஒழிக்கப் பார்த்தது. லாட்டரி 2003இல்தான் நின்றது. நாட்டுக்கு விழுந்தால் அது சூதில்லை போலும்.

தீர்ப்பு 1996 ஜனவரி 12இல் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்பார்கள். எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். கேள்வி ஒன்றுதான்: குதிரைப் பந்தயம் திறமையா, அதிர்ஷ்டமா? 1957இல் பரிசுப் போட்டிகள் வழக்கிலும் 1967இல் ரம்மி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் போட்டிருந்த கோடு இது. திறமை தூக்கலாக இருந்தால் சூதாட்டமில்லை. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, சவாரி எல்லாமே திறமை. பணம் கட்டுகிறவன் இவற்றையெல்லாம் ஆராய்ந்துதான் கட்டுகிறான். ஆகவே இது திறமை என்று நீதிமன்றம் சொன்னது. 1986ஆம் வருஷச் சட்டம் செல்லாமல் போயிற்று. ஒருவகையில் டிப்ஸ் புத்தகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் இது. படிக்க முடிகிறது, ஆகவே அறிவு.

இங்கேதான் என் ஆட்சேபணை. பந்தயத்தின் உள்ளமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஹாண்டிகேப் பந்தயங்களில் முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு அதிக எடை, மோசமாக ஓடியதற்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதே எடை நிர்ணயிப்பவரின் லட்சியம். பழைய முடிவுகளை எல்லோரையும்விடக் கவனமாகப் படிக்கிறவர் அவர். படித்தறிந்த வித்தியாசத்தை ஈயக்கட்டியால் சரிக்கட்டிவிடுகிறார். டிப்ஸ்காரன் படிப்பது, ஏற்கனவே ஒருவர் படித்து அழித்துவிட்ட ஏட்டை.

அடுத்தது டோட். கட்டிய பணமெல்லாம் ஒரு குவியலாகச் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் கழிந்து மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு பேச்சுக்கு நூறு ரூபாய் சேர்ந்து இருபது கழிந்தால், அத்தனை பேரும் மேதைகளாகவே இருந்தாலும் எண்பதுதான் திரும்பி வரும். நல்ல டிப் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பங்கு சிறுத்துப்போகும். குதிரையை அறிந்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் எதை அறியவில்லை என்பதையும் அறிய வேண்டும். இது வேறு வித்தை.

இரண்டும் வேறு வேறு என்பது நம் கதைகளுக்குத் தெரிந்திருந்தது. நளன் குதிரை நூல் அறிந்தவன். அதில் அவனுக்கு நிகர் கிடையாது. அந்த நளன்தான் புட்கரனிடம் சூதாடி நாட்டைத் தோற்கிறான். பிறகு வாகுகனாக இருதுபன்னனுக்குத் தேரோட்டிப் போகையில், வழியில் ஒரு தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான் மன்னன். பழங்காலத்தில் சூதாடியதே தான்றிக்காயை வைத்துத்தான். இருவரும் வித்தையை மாற்றிக்கொள்கிறார்கள். நளன் குதிரை அறிவைக் கொடுத்துச் சூதின் கணக்கைப் பெறுகிறான். அதற்குப் பிறகே நாடு திரும்புகிறது. குதிரை அறிவே சூது அறிவாக இருந்திருந்தால் கதையே நடந்திருக்காது. நீதிமன்றம் முதலாவதற்குச் சாட்சியம் கேட்டு இரண்டாவதற்குச் சான்றிதழ் கொடுத்தது. ஜாக்கிக்குத் திறமை உண்டு. அதைச் சந்தேகிப்பவர் யாருமில்லை. வேலிக்கு வெளியே சீட்டோடு நிற்பவனுக்கு அந்தத் திறமையை எழுதிவைத்ததுதான் பிரச்னை.

இது வெறும் தர்க்கப் பிரச்னையாக நின்றிருந்தால் எழுதவே வேண்டாம். 1996 தீர்ப்பு கிண்டியோடு நிற்கவில்லை. கைபேசியில் ரம்மி வந்தபோது கம்பெனிகள் பிடித்துக்கொண்ட கேடயங்களில் அதுவும் ஒன்று. தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கிய பிறகு தமிழ்நாடு 2021இல் தடை கொண்டுவந்தது. அதே ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடி சட்டம். 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று விலக்குப் பெற்றன. கிண்டிக் குதிரை கள்ளக்குறிச்சிக்கு வரவில்லை. அதற்காகச் சொல்லப்பட்ட நியாயம் வந்துவிட்டது. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று தெரியும். பாஸ்புத்தகத்தில் பற்று, வரவு என்று பத்திகள் இருக்கின்றன. திறமையில் போனது, அதிர்ஷ்டத்தில் போனது என்று பத்தி கிடையாது.

2024 செப்டம்பரில் அரசு கிண்டிக் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டது. அதற்குச் சொன்ன காரணம் சூது அல்ல, வாடகை பாக்கி. நூறு வருஷ ஒழுக்க விவாதம் கடைசியில் வாடகைக் கணக்கில் முடிந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் ஒன்றே என்கிறது. தடைச் சட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, 1974உம் தடைதான். ஆனால் பழைய கேள்வியைக் கைவிட்டது சரி. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆடுகிறவன் கெட்டிக்காரனா என்று அவர் எங்கும் விசாரிக்கவில்லை. ஜெயித்தால்கூட வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்.