தளர்ந்த கம்பியும் தளராத வதந்தியும்

2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அதன் பெயர் ‘டாலி’. சிங்கப்பூர்க் கொடி பறக்கும் கப்பல். நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு 27 நாள் பயணம். பணியாளர் 21 பேரில் ஏறத்தாழ எல்லாரும் இந்தியர், ஒருவர் இலங்கையர். துறைமுகத்தின் வாயிலைக் கடத்திவிடுவதற்காக அவ்வூர்ப் பைலட்டுகள் இருவரும் ஏறியிருந்தனர். புறப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே, பின்னிரவு 1 மணி 29 நிமிடத்தில், அக்கப்பல் பாட்டாப்ஸ்கோ ஆற்றின் குறுக்கே நின்ற பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணொன்றில் மோதியது. 1977இல் திறக்கப்பெற்று 47 ஆண்டுகள் வாகனங்களைச் சுமந்த அந்த எஃகுப் பாலம் சில நொடிகளில் ஆற்றில் வீழ்ந்தது.

பாலத்துக்குப் பெயர் தந்த கீ என்பவர் ஒரு வழக்கறிஞர். 1814இல் ஆங்கிலேயர் அவ்வூர்க் கோட்டையின் மீது குண்டு பொழிந்ததை அதே நீர்ப்பரப்பில் கப்பலொன்றில் இருந்தவாறு கண்டு அவர் எழுதிய பாட்டே பின்னர் அமெரிக்க நாட்டுப் பண்ணாயிற்று. ஆகவே அப்பாலத்தின் வீழ்ச்சி அந்நாட்டு மக்களுக்கு வெறும் இரும்பின் வீழ்ச்சியாகத் தோன்றவில்லை. பெயரிலேயே போர் இருந்தது. போரை நினைத்தவர்களுக்குப் பகைவனை நினைக்க நெடுநேரம் வேண்டியிருக்கவில்லை.

பொழுது விடிவதற்குள் கதைகள் எழுந்தன. கணினி வழியே யாரோ கப்பலைக் கைப்பற்றிச் செலுத்தினார்கள் என்றது ஒன்று. இது பயங்கரவாதம் என்றது மற்றொன்று. கப்பலின் தலைவர் உக்ரேனியர் என்று ஒரு சாரார் பரப்பினர். இஸ்ரேலின் வேலை என்றனர் இன்னொரு சாரார். முந்திய டிசம்பரில் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் சரக்குக் கப்பல் கட்டுப்பாடிழந்து கரையில் ஏறும் காட்சி வருகிறதென்றும், அப்படத்தை ஒபாமாவின் நிறுவனம் தயாரித்ததென்றும், ஆகையால் எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டதென்றும் முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. அந்நகர மேயர் கறுப்பினத்தவர் என்பதையே குற்றமாகக் காட்டியவர்களும் உண்டு. மாநில ஆளுநரும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் பயங்கரவாதத்துக்கு அறிகுறி ஏதும் இல்லையென்று அன்றே அறிவித்தனர். ஆயினும் மறுப்பு நடந்து வரும். வதந்தியோ பறந்து போகும்.

இங்கே என் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது ரமளான் மாதம். பால்டிமோரில் பின்னிரவாக இருந்தபோது நம் ஊரில் முற்பகல் பதினொரு மணி. செய்தி கேட்டவுடன் எனக்குள் எழுந்தது துயரமன்று, அச்சம். கப்பலில் நம் பெயர் தாங்கியவர் எவரேனும் இருந்துவிடக் கூடாதே என்ற அச்சம். ‘பயங்கரவாதம்’ என்ற சொல் உலகின் எந்த மூலையில் விழுந்தாலும் நம் வீட்டுத் திண்ணையில் எதிரொலிக்கும் காலத்தில் வாழ்கிறவர்களுக்கு அவ்வச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பத்துப் பேர் அமர்ந்திருந்தோம். காஸாவின் செய்திகளால் அனைவர் நெஞ்சும் புண்ணாகியிருந்த நாள்கள் அவை. ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் வந்த செய்தியை உரக்கப் படித்தார்: இது இஸ்ரேலின் சதி. காலையில் அஞ்சிய நான், இரவில் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினேன். ஆதாரம் என்னவென்று கேட்கவில்லை. பழி நம்மைவிட்டுப் போய் நாம் வெறுப்பவர் தலையில் விழுந்ததே என்ற நிறைவு அந்தத் தலையாட்டலில் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரேயொருவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். இளமையில் பல ஆண்டுகள் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் அவர்; ஊரில் எல்லாருக்கும் காக்கா. “விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது என்கிறீர்களே, அது கீழே கரண்டு போன கதை. கப்பல் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். எங்கேயாவது ஒன்று தளரும்” என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் சொன்னதில் பகைவன் இல்லை. பகைவன் இல்லாத கதைக்குச் செவி கொடுப்பார் இல்லை.

வீடு திரும்பிய பின், பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லிவரும் இப்னு கல்தூன் நினைவுக்கு வந்தார். 1332இல் தூனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், 1377இல் எழுதிய தம் முகத்திமாவில் வரலாற்றுச் செய்திகளில் பொய் புகும் வழிகளை ஆராய்கிறார். அவர் முதலில் வைப்பது கட்சிப் பற்று. ஒரு கருத்தின்பால் சாய்ந்துவிட்ட மனம் அதற்கு ஒத்த செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளும். ஆராயும் கண்ணை அச்சாய்வு மூடிவிடும் என்பது அவர் கருத்து. அடுத்தது, அறிவிப்பவரை ஆராயாமல் நம்புதல். எல்லாவற்றினும் முக்கியமானது, உலக நடப்புகளின் இயல்பை அறியாமை.

இயல்பறியாமைக்கு அவர் காட்டும் சான்றும் கடலைப் பற்றியதே. அலெக்சாந்திரியா நகரைக் கட்டவிடாமல் கடற்பூதங்கள் தடுத்தனவாம். மாமன்னர் இஸ்கந்தர் கண்ணாடிப் பெட்டியொன்றில் அமர்ந்து கடலின் அடியில் இறங்கி அப்பூதங்களின் உருவங்களை வரைந்துகொண்டு வந்தாராம். அவ்வாறே உலோகச் சிலைகள் செய்து நிறுத்த, அவற்றைக் கண்டு பூதங்கள் ஓடினவாம். மஸ்ஊதி எழுதிவைத்த கதை இது. இப்னு கல்தூன் கேட்பது எளிய கேள்வி: மூடிய பெட்டிக்குள் நீரினடியில் இருப்பவன் புதுக் காற்றின்றி எவ்வாறு உயிரோடிருப்பான்? சொன்னவர் யார் என்று பார்க்கும் முன்பே, சொன்னது நடக்கக்கூடியதா என்று பாருங்கள் என்கிறார்.

ஆனால் பால்டிமோர்ச் செய்தியில் இந்த அளவுகோல் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலத்தைத் தகர்ப்பது நடவாத காரியமன்று. 2022 அக்டோபரில் கிரிமியப் பாலம் குண்டுவெடிப்பில் சிதைந்ததை உலகம் கண்டது. எனவே சதியோ என்று ஐயுறுவது குற்றமாகாது; விசாரணைக்காரர்களின் கடமையே அது. ஐயம் ஓர் இரவுக்குள் தீர்ப்பாகிவிட்டதே தவறு. இங்கேதான் அறிவிப்பாளரை ஆராயும் நம் முன்னோர் முறை கைகொடுக்கிறது. இதைச் சொன்னவர் அங்கே இருந்தாரா? கண்டாரா? கண்டவரிடம் கேட்டாரா? சதி என்று முழங்கியவர்களில் கப்பலில் இருந்தவர் எவருமில்லை. இருந்தவர்கள் செய்ததோ, நங்கூரத்தை இறக்கியதும், சுக்கானைத் திருப்ப முயன்றதும், கரைக்கு அபாய அறிவிப்பு அனுப்பியதுமே. அவ்வறிவிப்பால்தான் காவலர்கள் பாலத்தின் இருமுனையிலும் வாகனங்களை நிறுத்த முடிந்தது.

நடக்கக்கூடியதா என்று கேட்டால், கப்பல் மோதிப் பாலம் விழுவதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம். 1975 ஜனவரி 5ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ‘லேக் இல்லவாரா’ என்ற தாதுக் கப்பல் டாஸ்மன் பாலத்தில் மோதி 12 பேர் மாண்டனர். 1980 மே 9ஆம் நாள் புளோரிடாவில், திடீரென வந்த புயல்மழையில் கண் தெரியாமல் ‘சம்மிட் வென்ச்சர்’ சன்ஷைன் ஸ்கைவே பாலத்தை இடித்தது. பேருந்து ஒன்றும் கார்களும் கடலில் விழ, 35 உயிர்கள் போயின. 1960 முதல் 2015 வரை கப்பலோ தோணியோ மோதி உலகில் வீழ்ந்த பெரிய பாலங்கள் 35 என்பது நீர்வழிப் போக்குவரத்து வல்லுநர்களின் கணக்கு. ஏன், இதே கீ பாலத்தில் 1980 ஆகஸ்டில் ‘ப்ளூ நகோயா’ என்ற கப்பல் மோதியிருக்கிறது. சிறு கப்பல், சிறு சேதம். ‘டாலி’யோ அதைப்போல் பத்து மடங்கு. கப்பல்கள் வளர்ந்துகொண்டே போயின. தூண்கள் அப்படியே நின்றன.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இருபது மாதங்கள் ஆராய்ந்து, 2025 நவம்பர் 18ஆம் நாள் தன் முடிவை வெளியிட்டது. படித்தபோது காக்காவை நினைத்துக்கொண்டேன். காரணம் ஒரு கம்பி. கப்பலின் மின்பலகையில் ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒன்று. அடையாளத்துக்காக ஒவ்வோர் ஒயரின் நுனியிலும் பெயர்ப்பட்டை ஒன்றைச் செருகுவார்கள். அந்தப் பட்டை சரியான இடத்தில் பொருத்தப்படாமையால், ஒயரின் முனை தன்னைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பிடிக்குள் முழுமையாக நுழையவில்லை. நுனியளவே பற்றி நின்ற அத்தொடர்பு அன்றிரவு அற்றது. உடனே மின்மாற்றியின் பிரேக்கர் விழுந்தது, விளக்குகள் அணைந்தன, சுக்கானை இயக்கும் பம்புகள் நின்றன, குளிர்நீர்ப் பம்புகள் நிற்கவே தலைமை எஞ்சினும் தானாக நின்றது. பணியாளர்கள் விரைந்து மின்சாரத்தை மீட்டார்கள். ஆனால் ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தது அதற்கென அமைந்த பம்பன்று, வேறு வேலைக்கான ஒரு பம்பு. மின்சாரம் வந்ததும் அது தானாக இயங்கத் தொடங்காது. எண்ணெய் வற்றி மறுபடியும் இருள் சூழ்ந்தது. எதிரி விளையாடுகிறான் என்று உலகம் கண்ட அந்த இரண்டு அணைதல்களும் இவையே. முதல் இருளுக்கும் மோதலுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். மேலிருந்தோர் உரிய நேரத்தில் முயன்றார்கள். பாலம் மிக அருகில் இருந்ததால் பயனில்லை என்பதே வாரியத்தின் முடிவு.

யாருக்கும் குற்றமில்லை என்று இதற்குப் பொருளன்று. வெப்பத்தைக் காட்டும் கருவியால் மின்பலகையை முறையாகச் சோதித்திருந்தால் அக்கம்பி கண்டுபிடிக்கப்பட்டிருக்கும் என்கிறது அறிக்கை. புறப்படுவதற்கு முந்திய நாளே துறைமுகத்தில் கப்பலின் மின்சாரம் இரண்டு முறை போயிருக்கிறது. பாலத்துக்கு உரியவர்களும் தப்பவில்லை. 1991 முதல் நடைமுறையில் இருந்த கணக்கீட்டு முறைப்படி ஆராய்ந்திருந்தால், இப்பாலத்தின் அபாயம் ஏற்கத்தக்க எல்லையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு என்பது தெரிந்திருக்குமாம். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சதிக் கதை ஊதப்பட்ட இடத்தில் இக்கேள்விகள் எழவில்லை. மறைந்திருக்கும் பகைவனைத் தேடிக்கொண்டிருப்பவனுக்குக் கண்முன் இருக்கும் அசட்டை தெரிவதில்லை.

பழியின் பாரம் யார் மீது இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். கப்பலில் இருந்த பிள்ளைகள் உடைந்த பாலத்தின் இரும்பு முன்தளத்தின் மேல் கிடக்க, கரையில் கால் வைக்க இயலாமல் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தனர். ஏப்ரலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ஏறிவந்து அவர்களுடைய கைப்பேசிகளைப் பெற்றுச் சென்றனர். வீட்டாரோடு பேசுவதே அரிதாயிற்று. இந்தியர் என்பதற்காகவே அவர்களைக் கோமாளிகளாக வரைந்த கேலிச் சித்திரமும் உலகெங்கும் சுற்றியது. பாலத்தின் எச்சத்தை வெடிவைத்து அகற்றிய மே 13ஆம் நாளும் அவர்கள் கப்பலிலேயே இருந்தனர். கடலுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்கும் பின்னாளில் தொலைபேசிக்கும் காத்திருந்த வீடுகள் நம் கரையோர ஊர்களில் எத்தனையோ. அவ்வீட்டாருக்கு இதன் கனம் தெரியும்.

இறந்தவர்கள் அறுவர். நடுநிசியில் பாலத்தின் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ் ஆகிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாங்கள் தாழ்வாரத்தில் பேசிய அந்த இரவில் அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, நான் உட்பட.

அறிக்கை வந்த மறுவாரம் காக்காவின் வீட்டுக்குப் போனேன். “நீங்கள் சொன்னதுதான் காக்கா. ஒரு கம்பி தளர்ந்திருந்ததாம்” என்றேன். அவர் வியக்கவில்லை.

“அது கிடக்கட்டும் ஹஜ்ரத். மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா?”

சொல்லவில்லை. வாகனங்களை நிறுத்தச் சொன்ன அதே வேளையில் அவர்களுக்கும் தகவல் போயிருந்தால், வண்டியேறிப் பாலத்தின் விழாத பகுதிக்குப் போய்விட நேரம் இருந்திருக்கலாம் என்று அறிக்கை சொல்வதைக் கூறினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் என்றேன்.

“ஒன்றரை நிமிடம்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். பிறகு நெடுநேரம் வேறொன்றும் பேசவில்லை.