பரட்டை அண்ணனின் ஒலிநாடா: சபையும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை

2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. கானா, ராக், ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். அதைக் கேட்ட உற்சாகத்தில் ஒரு தோழர் சொன்னார்: “சாதிய எதிர்த்து முழுசா ஒரு இசைத்தொகுப்பு தமிழ்ல இப்பத்தான்ப்பா வருது.” உற்சாகம் நியாயமானதுதான். வரலாறுதான் தப்பு. இன்குலாப்பின் வரிகளை கே.ஏ.குணசேகரன் பாடி ஊரூராகக் கொண்டுபோன காலத்தை அவர் மறந்துவிட்டார். அதையாவது நினைவுபடுத்தினால் “ஆமா” என்பார்கள். நான் சொல்ல வருகிற ஒலிநாடாவைச் சொன்னால் “அது சர்ச் பாட்டுல்ல?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அது 1990களில் வந்த ‘கிராமிய இசை வழிபாடு’. அதைச் செய்தவர் ஜேம்ஸ் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களுக்கும் ஊர்ச் சனங்களுக்கும் அவர் ‘பரட்டை அண்ணன்’. எண்ணெய் காணாத, சீப்புக்கு அடங்காத தலை என்று நம்மைப் பார்த்து வீசப்பட்ட சொல்லைத் தானே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்ட ஆள். பாட்டு அவரே எழுதுவார், மெட்டு அவரே போடுவார், அவரே பாடுவார்.

இது ‘நாலு பக்திப் பாட்டு’ அல்ல என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் முழு ஒழுங்கும், அழைப்பு, பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், காணிக்கை, நற்கருணை, ஆசீர் என அத்தனையும், நாட்டுப்புற மெட்டில் ஒரே படைப்பாக ஓடுகிறது. ஒரு பாட்டு விட்ட இடத்தில் அடுத்தது பிடிக்கிறது. பாடுகிறவரும் பதில் சொல்கிற சனமும் இரண்டு பாத்திரங்கள். மேலை நாட்டில் 1970இல் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்று ராக் இசைநாடகம் ஒன்று முதலில் இசைத்தட்டாகவே வந்தது, மறு வருசம்தான் நாடக மேடைக்குப் போனது. கிறிஸ்துவின் கதையைத் தெருவின் இசையில் சொல்லலாமா என்று அங்கே பெரிய சர்ச்சை. இங்கே நடந்தது அதைவிடக் கூர்மையான காரியம். தெருவின் இசை என்றால் இங்கே யாருடைய தெரு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்ததனால்தான் சர்ச்சைகூட எழவில்லை. மௌனமாக ஓரங்கட்டிவிட்டார்கள்.

தமிழ்ச் சபைகள் பாடிவந்தவை இரண்டு வகை. ஐரோப்பிய மெட்டில் பாமாலை, கர்நாடக இராகத்தில் கீர்த்தனை. முன்னது வெள்ளைக்காரனுடையது, பின்னது ‘நம்முடையது’ என்று சொல்லித்தரப்பட்டது. அந்த ‘நம்’முக்குள் நாம் இருந்தோமா? கீர்த்தனை மரபின் பெரும் பெயர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். புலமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வேளாளர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், வேளாளரும் பறையரும் சபைக்குள் கலந்து உட்காரவேண்டும், கலந்து நற்கருணை வாங்கவேண்டும் என்று கண்டித்துச் சொன்னபோது, சாதி வேறுபாட்டைக் காப்பாற்ற எழுதிப் போராடியவரும் இதே சாஸ்திரியார்தான். பாட்டுப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே இராகமும் தாளமும் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இராகம் படிக்க வாத்தியார் வேண்டும், வாத்தியாருக்குக் காசு வேண்டும், காசு இருந்தாலும் நம்மைத் திண்ணையில் ஏற்றுகிற வாத்தியார் வேண்டும்.

எங்க திண்டுக்கல்லுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. ‘கருணாமிர்த சாகரம்’ (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சிக்கு வந்தது இந்த ஊருக்குத்தான். இங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். பிறகு தஞ்சைக்குப் போய், கர்நாடக இசை என்பது பழந்தமிழ் இசையே என்று நிறுவுவதில் வாழ்நாளைச் செலவிட்டார். பெரும் உழைப்பு. ஆனால் அந்த வழி, மேலே இருப்பதைப் பார்த்து ‘அதுவும் எங்களுடையதே’ என்று உரிமை கேட்கிற வழி. பரட்டை அந்த வழியில் போகவில்லை. மேலே இருப்பது எனக்கு வேண்டாம், நடவுக்காட்டில் பாடுவது போதும் என்றார். 1986இல் வந்த அவருடைய ஆங்கில நூல் நாட்டார் வழக்காற்றை மாற்றத்துக்கான கருவியாகப் பேசியது. அவர் வாதம் எளிமையானது: நாட்டுப்பாட்டில் வரியை மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள். கீர்த்தனையில் கை வைத்தால் தப்பு. மாற்ற முடிகிற பாட்டுதான் ஒடுக்கப்பட்டவருக்கு ஆயுதம்.

வரிகளை நான் இங்கே எடுத்தெழுதப் போவதில்லை. இரண்டு காரியத்தை மட்டும் சொல்கிறேன். கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘பிதா’வை அவர் பெற்றவராக்கினார். பெற்றவர் என்றால் தாயும்தான், தகப்பனும்தான். வேதாகமத் தமிழின் பிதா ஒரு சொல்லில் வீழ்ந்தார். அதுவும் நம் வீட்டுப் பேச்சுத் தமிழில். இரண்டாவது, ‘ஒரு ஒலை’. ஊர்ப் பேச்சில் உலை, ஒலைதான். ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு, பொங்கி, எல்லாரும் தின்பது. நற்கருணை என்றால் இதுதான் என்பது அவர் இறையியல். பானைக்குள் போன அரிசியில் வேளாளன் அரிசி எது, சக்கிலியன் அரிசி எது என்று பொறுக்க முடியாது. 1820களில் தஞ்சையில் எந்தப் பந்திக்காகச் சண்டை நடந்ததோ, அதற்கு ஏறக்குறைய 170 வருசம் கழித்து வந்த பதில் இது.

இதை ஏன் தலித் இலக்கிய வரலாறு கணக்கில் எடுக்கவில்லை? பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. திருச்சபைக்குள் இருக்கும் சாதியை அது உரித்தபோது கொண்டாடினோம், சரியாகவே. அதே காலத்தில் சபையை உள்ளேயிருந்து பாட்டால் உரித்தவரை விட்டுவிட்டோம். பாட்டு புத்தகமாக இல்லை என்பது ஒரு காரணம். ஆய்வாளன் நூலகத்தில் தேடுகிறான், கேசட்டுக் கடையில் தேடுவதில்லை. ‘கிறிஸ்தவம்’ என்ற ஒவ்வாமை இன்னொன்று. இதில் அரசாங்கத்துக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவனாகப் போனவன் பட்டியல் சாதி இல்லை என்றது. நாம் அவன் பாட்டைத் தலித் பாட்டு இல்லை என்றோம். அவரைப் பற்றி விரிவான நூல் எழுத அமெரிக்காவிலிருந்து ஸோயி ஷெரீனியன் வரவேண்டியிருந்தது. 2014இல் வந்த அந்த நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது.

பரட்டையைத் தூக்கிப் பிடிப்பதோடு நிறுத்தினால் அது வேறொரு பஜனை. எனக்கு அவரோடு சண்டையும் உண்டு. ‘கிராமிய’ என்ற சொல்லே உறுத்துகிறது. யாருடைய கிராமம்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்று பேசினார். ஊரும் சேரியும் பிரிந்தே கிடக்கும் இடத்தில் ‘கிராமிய இசை’ என்று ஒன்று எப்படிப் பொதுவாக இருக்கும்? தெம்மாங்கு என்றால் ஊர்க்காரரும் ரசிப்பார். பறை என்றால் முகம் சுளிப்பார். ‘கிராமிய’ என்ற போர்வை அந்தச் சுளிப்பை மறைத்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய கேள்வியை எனக்குப் போட்டவர் படிக்காதவர். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சபையில், பெயர் வேண்டாம், ஆராதனைக்குப் பறை கொண்டுபோனோம். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தாத்தா முறை வரும் ஒருவர் வந்து நின்றார்.

“ஏய்யா, இந்தத் தப்பக் கீழ போடுறதுக்கு எங்கப்பன் அடி வாங்குனான். ஊர்ல எழவு விழுந்தா அடிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ஊருக் கெணத்துல தண்ணிய நிப்பாட்டுனாங்க. அதைத் தூக்கிக்கிட்டு நீ கோயிலுக்குள்ள வர்றியா?”

என்னிடம் பதில் இல்லை. எம்.ஏ. படித்தது அந்த இடத்தில் உதவவில்லை. பறையை விடுவதும் விடுதலை, எடுப்பதும் விடுதலை என்று 90களில் நம் பத்திரிகைகளில் வாதம் நடந்தது உண்மை. ஆனால் விட்டதற்காக அடிபட்டவர் முன்னால் நிற்கும்போது அது வேறு. எழவுக்குக் கூலிக்கு அடிப்பதும் நமக்காக நாமே அடிப்பதும் ஒன்றல்ல என்று பின்னால் நான் சொன்னேன். “அது உனக்குத் தெரியும், ஊர்க்காரனுக்குத் தெரியுமா?” என்றார். பரட்டையின் பாட்டை மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடாது.

ஆனால் காலம் சும்மா நிற்கவில்லை. 1990இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஆண்கள் மட்டும் தொட்ட பறையைத் தலித் பெண்பிள்ளைகள் தோளில் போட்டு ஆடினார்கள். இழவு வீட்டு வாசலில் இல்லை, நடுத்தெருவில். தோல் ஷாப்புகளில் மாட்டுத்தோலோடு மல்லுக்கட்டும் சனம் வாழும் இந்த ஊரில் அந்தத் தோலே இசையாக மேடை ஏறியது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று தாத்தாவை நினைத்தேன். கேட்க அவர் இல்லை.

எங்க வீட்டு ஒலிநாடா பூசணம் பிடித்து, டேப் ரிக்கார்டரில் போட்டால் இழுத்துக்கொள்கிறது. அயோத்திதாசர் எழுத்து காகிதமாக இருந்ததால் 1999இல் தொகுதிகளாக அச்சேற முடிந்தது. காந்த நாடாவுக்கு அந்த ஆயுசு கிடையாது. ஆனால் போன மாதம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் பெண்கள் அவருடைய பாட்டு ஒன்றைப் பாடினார்கள். நடுவில் நூறு நாள் வேலைக் கூலி பாக்கி பற்றி இரண்டு வரி வந்தது. அது நாடாவில் இல்லாத வரி. யார் சேர்த்ததென்று கேட்டேன். “எப்பவும் இப்பிடித்தான பாடுவோம்” என்றார்கள்.