மாட்டுக்கு அறுவை சிகிச்சையா? வலி மருந்தில் கவனம் தேவை

2019 அக்டோபரில் திருமுல்லைவாயலில் இருந்து ஒரு கறவை மாட்டை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வந்தார்கள். கன்று ஈன்று 20 நாள்தான் ஆகியிருந்தது. பால் குறைந்துவிட்டது. சாணம் போடவும் சிறுநீர் கழிக்கவும் சிரமப்பட்டது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டே இருந்தது. ஐந்தரை மணி நேரம் நடந்த அறுவை சிகிச்சையில் அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. மாட்டுக்காரருக்கு ஆன செலவு 70 ரூபாய்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டதால், அவிழ்த்துவிட்ட மாடு குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. எனவே வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை உங்கள் மாட்டுக்கும் தேவைப்படலாம். மரத்துப்போகும் ஊசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வலியைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

மாடு வலியை வெளிக்காட்டாது. நாய் போலக் கத்தாது. பல்லை நறநறவெனக் கடிப்பது, முதுகை வளைத்து நிற்பது, காது தொங்குவது, அசை போடாமல் இருப்பது, கூட்டத்தை விட்டு ஒதுங்குவது எல்லாம் வலியின் அடையாளங்கள். வலியோடு இருக்கும் மாடு தீவனம் எடுக்காது. தீவனம் எடுக்காவிட்டால் பாலும் குறையும், புண்ணும் சீக்கிரம் ஆறாது. "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அறுத்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதால்தான் வீக்கமும் வலியும் காய்ச்சலும் வருகின்றன. அந்தச் சுரப்பைக் குறைப்பதுதான் வீக்கம் தணிக்கும் மருந்தின் வேலை. கத்தி வைப்பதற்கு முன்பே இதைப் போட்டுவிட்டால் பின்னால் வலி குறைவாக இருக்கும். அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மாட்டுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது மெலாக்சிகாம். எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 30 மில்லி, 20 மில்லிகிராம் உள்ளதென்றால் ஏழரை மில்லி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அளவை அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்! ஒரு ஊசியின் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். அடுத்த ஊசி எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தண்ணீர் குடிக்காமல் வாடிப்போன மாட்டுக்கு இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்தால் குடலில் புண் வரும். ஏற்கெனவே என்ன ஊசி போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, இது காய்ச்சலையும் அடக்கிவிடும். ஆகவே உடம்பு சூடாக இல்லை என்று தையலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். சீழ், துர்நாற்றம், அதிக வீக்கம் உள்ளதா எனத் தினமும் பாருங்கள்.

ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக்கூடாது என்பதையும் கேளுங்கள். மெலாக்சிகாமுக்கு ஐரோப்பாவில் 5 நாள் என்று வைத்திருக்கிறார்கள்.

மருந்துக்கடையில் மனிதருக்கான டைக்ளோஃபினாக் வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். இந்த மருந்து போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்த இனம்தான். அதனால் 2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர் மருந்தாகப் பெரிய புட்டியில் வந்ததை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால், 2015-ல் புட்டியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடையாயின. பிறகு நிமசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழைய புட்டி வீட்டில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள். மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கு செய்வதில்லை.

"ஆவடியில் ஏது கழுகு?" என்று கேட்கலாம். நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கின்றன. சந்தையில் விற்ற மாடு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்?

மாட்டை வண்டியில் ஏற்ற முடியாத நிலை என்றால் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.