கல்யாணி கேட்ட சோறு

பராசக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக நீதிமன்றக் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியான அந்தப் படத்தின் வரலாறு என்பதே மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் பிரவேசம், பூசாரியின் மீதான தாக்குதல், தடை செய்யச் சொல்லி எழுந்த கூச்சல் என்று வகுக்கப்பட்டுவிட்டது. திராவிட இயக்கத்தின் பிரதியாக அதை வாசித்தவர்களும் சரி, அந்த வாசிப்பை மறுத்தவர்களும் சரி, பெரும்பாலும் காதால்தான் படம் பார்த்தார்கள். வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, யார் வீட்டில் சோறு இருக்கிறது, யார் கையேந்தி நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்துப் பார்த்தால் வேறொரு படம் ஓடுகிறது. அது யுத்தகாலத்து அரிசியின் கதை.

கணவனையும் தகப்பனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த கல்யாணி, வீடு ஏலத்துக்குப் போனபின் மதுரைத் தெருவில் பலகாரம் விற்றுப் பிழைக்கிறாள். அங்கிருந்து திருச்சிக்குப் போய் ஒரு கள்ளச்சந்தைக்காரன் வீட்டில் வேலைக்காரியாகிறாள். கடைசியில் நீதிபதியாகிவிட்ட சொந்த அண்ணன் வாசலில் போய்ச் சோறு கேட்கிறாள். அடையாளம் தெரியாத அண்ணன் விரட்டியடிக்கிறான். கடை, எஜமானன் வீடு, அண்ணன் வீட்டு வாசல், பிறகுதான் கோயில். அவள் நடந்த வழி முழுக்கப் பசியின் வழி. அந்தக் கள்ளச்சந்தைக்காரன் வெறும் வில்லன் பாத்திரமல்ல. கட்டுப்பாடு இருந்த இடத்தில்தான் கள்ளச்சந்தை இருக்கும். 1952 ஜூனில்தான் ராஜாஜி அரசாங்கம் சென்னை மாகாணத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது. படம் வந்தது நாலு மாசம் கழித்து. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரேஷன் க்யூவின் கால்வலி இன்னும் போயிருக்காது.

இந்தப் பசிக்கும் படத்தின் தொடக்கத்தில் வரும் ரங்கூனுக்கும் என்ன சம்பந்தம்? யுத்தத்துக்கு முன்னால் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். அதில் ஏறக்குறையப் பாதி இந்தியாவுக்கு வந்தது. அந்த நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. அறுக்கவும், ஆலையில் உழைக்கவும், மூட்டை தூக்கவும் போனவர்களில் பெரும்பகுதி தெலுங்குக் கூலிகளும் தமிழ்க் கூலிகளும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது; 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. அரிசிக் கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் இங்கே உலை நின்றது. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்ததற்கு இது ஒன்றே காரணமல்ல, ஆனால் இதுவும் காரணம்.

தங்கையின் கல்யாணத்துக்காகப் படத்தில் ஒரே ஒரு கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் வருகிறான். மற்ற இருவர் நடந்து வருகிறார்கள். அதில் ஒருவன் கால் இழந்து பிச்சைக்காரனாகிறான். நிஜத்தில் டிக்கெட் யாருக்குக் கிடைத்தது என்பது வர்க்கக் கேள்வி. பணமும் செல்வாக்கும் இருந்தவர்கள் கப்பலேறினார்கள். கூலிகள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். லட்சக்கணக்கானோர் நடந்த அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல ஆயிரம். பராசக்தி இந்தக் கூட்டத்தின் துயரத்தை எடுத்து ஒரு வசதியான குடும்பத்தின் மேல் ஏற்றிவைக்கிறது. நல்ல வீட்டுப் பெண் தெருவுக்கு வந்துவிட்டாளே என்பதுதான் அதன் அதிர்ச்சி. பசி அங்கே ஒரு வீழ்ச்சி. ஆனால் விழுவதற்கு உயரமே இல்லாதவர்களுக்குப் பசி வீழ்ச்சியல்ல, வழக்கம். கல்யாணிக்கு முன்னால் அந்தக் கள்ளச்சந்தைக்காரன் வீட்டில் பாத்திரம் துலக்கியவள் யார்? அவளுக்கு வசனம் எழுதப்படவில்லை.

குடும்ப ஞாபகமும் இப்படித்தான் வேலை செய்கிறது. எங்கள் தாத்தாவுக்கு அந்தக் காலம் என்றால் ஆகஸ்ட் போராட்டம், கூட்டம், கைது. மதுரை டவுனில் வாழ்க்கைப்பட்ட அப்பத்தாவுக்கு அது 'ரேசன் வந்த வருசம்'. "கோதுமையக் குடுத்தாக. அத என்ன செய்யிறதுன்னு ஆருக்குத் தெரியும்? ஒரல்ல போட்டு இடிச்சுக் கஞ்சி காச்சுனோம். பிள்ளைக வாயில வைக்க மாட்டேன்னு அழுதுச்சுக. இருக்கிற அரிசி ஆம்பளைகளுக்கு; எங்களுக்கு வடிச்ச தண்ணி" என்று சொல்லும். ஒரே வீடு, அதே சில வருஷங்கள், இரண்டு வரலாறு. முதலாவதற்குத் தியாகிப் பட்டயம் உண்டு, பென்ஷன் உண்டு. இரண்டாவது, சமையல் பேச்சு என்று தள்ளப்பட்டது. தேசம் பற்றிய பெருங்கதையாடலுக்குள் வடிதண்ணீருக்கு இடமில்லை.

இன்று 'பாரம்பரிய உணவு' என்று ஒரு சொல் புழங்குகிறது. ஜவ்வரிசிப் பாயசம் அதில் ஒன்று. முன்பு ஜவ்வரிசி கிழக்கே தீவுகளிலிருந்தும் மலாயா, சிங்கப்பூர் வழியாகவும் கப்பலில் வந்த சரக்கு. அதே யுத்தம் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கைப் பிழிந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது நாம் பந்தியில் வழித்துச் சாப்பிடும் 'பாரம்பரியம்' யுத்தத் தட்டுப்பாட்டின் பிள்ளை. இன்னொரு பக்கம், 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்துக் கடை கண்ணிகளை நாட்டுடைமையாக்கியபோது பர்மாவிலிருந்து மறுபடியும் தமிழர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ, சென்னை பர்மா பஜாருக்கு எதிரே தள்ளுவண்டியில் விற்கிறது. இரண்டும் ஒரே கடல் வழி வந்தவைதான். ஒன்று நம் பந்திக்குள் வந்து நம்முடையதாகிவிட்டது. மற்றது தெருவிலேயே நின்று இன்னமும் 'பர்மாக்காரன் சாப்பாடு'. எது வீட்டுக்குள் வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது நாக்கின் ருசி மட்டுமல்ல.

பராசக்தியைக் கொண்டாடுவதா நிராகரிப்பதா என்ற பழைய வழக்கை மறுபடி நடத்துவதில் பிரயோஜனமில்லை. தன்னையறியாமல் அது பதிவுசெய்து வைத்திருப்பது, பேச்சுத் திறமை இல்லாதவர்களின் வரலாற்றுக்கு ஒரு சின்னத் தடயம். நீதிமன்றத்தில் குணசேகரன் தங்கைக்காகப் பேசுகிறான், பிரமாதமாகப் பேசுகிறான். அரங்கம் கை தட்டுகிறது. அவள் அண்ணன் வாசலில் பேசியது ஒரே விஷயம்தான், அது சோறு. அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து தொடங்கும் சரித்திரத்தை நாம் இன்னும் எழுதவில்லை. ரேஷன் க்யூவில் நின்ற தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள். கேட்பதென்றால் இப்போதே கேட்கவேண்டும். "அப்போ என்ன நடந்துச்சு" என்று கேட்டால் தலைவர்கள் பேரைத்தான் சொல்வார்கள். "அப்போ என்ன சமைச்சீங்க, நீங்க எப்போ சாப்பிட்டீங்க" என்று கேளுங்கள்.