கருவுற்ற பெண் தொழிலாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பு (இந்தியா)

கருவுற்றதையோ பிள்ளை பெற்றதையோ காரணமாக்கி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது, அவளுடைய ஊதியத்தையோ பதவியையோ குறைப்பது, வேலைக்குச் சேர்க்க மறுப்பது ஆகியவற்றைத் தடுக்கும் சட்ட ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். இந்தியாவில் இவை ஒரே சட்டத்தில் தொகுக்கப்பட்டிருக்கவில்லை. அரசியலமைப்பின் 14, 15, 42 ஆகிய பிரிவுகள், 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவை சேர்ந்தே இப்பாதுகாப்பு உருவானது.

தோற்றம்

தொழிற்சாலைப் பெண்களுக்குப் பேறுகால ஓய்வைச் சட்டமாக்கும் முயற்சி ஐரோப்பாவில் தொடங்கியது. 1877-இல் சுவிட்சர்லாந்து பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரம் ஆலை வேலையைத் தடைசெய்தது. மறு ஆண்டு ஜெர்மனி பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று வாரத்துக்குத் தடை விதித்தது. தடை இருந்ததே தவிர அந்த நாள்களுக்குக் கூலி இல்லை. பட்டினிக்கு அஞ்சிய பெண்ணுக்கு இத்தகைய ஓய்வால் பயன் குறைவு. 1883-இல் ஜெர்மனி தன் நோய்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிரசவித்த பெண்ணுக்கும் உதவித்தொகையைச் சேர்த்தபோதுதான் ஓய்வும் வருமானமும் ஒன்றாயின.

1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு தன் மூன்றாவது உடன்படிக்கையில் இதை உலகுக்கு நெறியாக்கியது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கட்டாய ஓய்வு, அதற்கு முன் ஆறு வாரம் மருத்துவச் சான்றின்பேரில் விடுப்பு, பாலூட்ட நாளில் இருமுறை அரைமணி நேரம் ஆகியவற்றை அது வகுத்தது. விடுப்பிலிருக்கும் பெண்ணுக்கு வேலைநீக்க அறிவிப்புத் தருவது சட்டவிரோதம் என்றும் கூறியது. உதவித்தொகை அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வரவேண்டும் என்பது அதன் முக்கியமான கூறு. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.

மாகாணச் சட்டங்கள்

தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1924-இல் மத்தியச் சட்டமன்றத்தில் ஒரு மகப்பேறு நல மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு ஆதரிக்காததால் அது தோற்றது. முயற்சி மாகாணங்களுக்கு நகர்ந்தது. பம்பாய் சட்டமன்றத்தில் இத்தகைய மசோதா விவாதத்துக்கு வந்தபோது, 1928 ஜூலை 28 அன்று டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு உகந்தது. ஆகவே இச்செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கவேண்டும். ஆயினும் பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளியைப் பொறுப்பிலிருந்து முற்றாக விடுவிக்க முடியாது என்பது அவருடைய வாதம். இந்தியாவில் இப்பொருள் குறித்து எழுந்த மிகத் தெளிவான சிந்தனை இதுவே.

1929-இல் பம்பாய் மகப்பேறு நலச் சட்டம் நிறைவேறியது. நாட்டின் முதல் பேறுகாலச் சட்டம் இதுவே. நாளொன்றுக்கு எட்டணா உதவித்தொகை தரச் சொன்ன இச்சட்டம், முழுச் செலவையும் ஆலை முதலாளியின் மீதே சுமத்தியது. 1930-இல் மத்திய மாகாணம் இதே வழியில் சென்றது. ஜே.எச். விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1931-இல் தந்த அறிக்கையில், பிற மாகாணங்களும் இத்தகைய சட்டம் இயற்றவேண்டும் என்றும், முதற்கட்டத்தில் செலவு முதலாளியுடையதாக இருக்கட்டும் என்றும் பரிந்துரைத்தது. காப்பீட்டுக்குள் வராத பெண்களுக்கு அந்த முதற்கட்டம் இன்றுவரை முடியவில்லை.

சென்னை மாகாணம் 1934-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் மூலம் இவ்வரிசையில் சேர்ந்தது. சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய மாகாணமும் வங்காளமும் 1930-களின் இறுதியில் தத்தம் சட்டங்களை இயற்றின. சுரங்கப் பெண்களுக்கு 1941-இல் தனி மத்தியச் சட்டம் வந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டால் 1943-இல் பெண்கள் மீண்டும் நிலத்தடிச் சுரங்கங்களில் இறக்கப்பட்டார்கள். அப்போது அரசின் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த அம்பேத்கர் அச்சட்டத்தைத் திருத்தி வலுப்படுத்தினார்.

முழுச் செலவும் முதலாளியுடையது என்ற ஏற்பாட்டின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை தந்த ரேகே குழு, கருவுற்ற அறிகுறி தெரிந்ததும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தும் வழக்கத்தைப் பதிவு செய்தது. மணமாகாதவர்கள், கைம்பெண்கள், பிள்ளைபெறும் வயதைக் கடந்தவர்கள் ஆகியோரை மட்டும் வைத்துக்கொள்ளும் போக்கையும் அது சுட்டியது. பெண்ணைக் காக்க வந்த சட்டமே பெண்ணைத் தவிர்க்கக் காரணமாயிற்று.

காப்பீட்டு வழி

இக்குறைக்குத் தீர்வாக அமைந்தது 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம். முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தாவிலிருந்து பேறுகால ஊதியம் வழங்கப்படுவதால், ஒரு பெண் கருவுறுவது அவளை வேலைக்கு வைத்தவருக்குத் தனிச் செலவாகாது. திட்டம் 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. இப்போது மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதில் அடங்குவர். முதலாளியின் சந்தா ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் சந்தா 0.75 விழுக்காடு. பேறுகால உதவி பெறும் பெண்ணை அக்காலத்தில் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று இச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு கூறியது.

1961-ஆம் ஆண்டின் சட்டம்

காப்பீட்டுக்குள் வராத பெண்களுக்காக இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 1963 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாகாணச் சட்டங்களின் வழியிலேயே இதுவும் செலவை முதலாளியிடம் விட்டது. இதன் முதன்மையான பாதுகாப்புகள்:

பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பிந்தைய ஆறு வாரம் எந்தப் பெண்ணையும் வேலை வாங்கக் கூடாது. பேறுகாலம் நெருங்கும்போது அவள் கேட்டுக்கொண்டால் கடின வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக் கூடாது. வேலையை மாற்றித் தந்ததற்காகக் கூலியைக் குறைக்கவும் கூடாது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளில் இருமுறை இடைவேளை உண்டு.

சட்டத்தின் உயிர்நாடி 12-ஆம் பிரிவு. பேறுகால விடுப்பிலிருக்கும் பெண்ணை நீக்குவதும், அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். கருவுற்ற காலத்தில் நீக்கப்பட்டாலும் அவளுக்கு உரிய உதவித்தொகை கைநழுவாது. கடும் ஒழுங்கீனம் மட்டுமே விதிவிலக்கு. உதவித்தொகை மறுக்கப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆய்வரிடம் புகார் தரலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பெண்ணிடம் எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

தகுதி பெறப் பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 160 நாள் வேலை செய்திருக்கவேண்டும் என்ற விதி 1988-இல் 80 நாளாகத் தளர்த்தப்பட்டது. 12 வார விடுப்பு 2017-இல் 26 வாரமானது. இரண்டு குழந்தைகள் இருப்பவர்களுக்கு 12 வாரமே. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாயிற்று.

நீதிமன்றத் தீர்ப்புகள்

உதவித்தொகைக் கணக்கு பற்றிய முதல் பெரிய தீர்ப்பு தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் பிறந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 72 நாளுக்கே நிர்வாகம் கணக்கிட்டது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய இவ்வழக்கில், வாரம் என்றால் ஏழு நாள், ஆகவே 84 நாளுக்கும் பணம் தரவேண்டும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் முதல் கருவுற்றதும் ஓய்வுபெற வேண்டும் என்ற விதியை 1981-இல் அதே நீதிமன்றம் நீக்கியது. ஆனால், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் மணம் செய்யக் கூடாது என்ற விதியை அத்தீர்ப்பு விட்டுவைத்தது வருந்தத்தக்கது. 1991-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், மாதவிடாய் பற்றிய விவரத்தைப் படிவத்தில் மறைத்ததாகக் கூறித் தகுதிகாண் பருவத்திலிருந்த ஒரு பெண்ணை நீக்கியிருந்த வழக்கு வந்தது. அவரை மீண்டும் பணியில் சேர்க்கவும், அத்தகைய கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை செய்த பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகால உதவி தொடரும் என்பது 2023-இன் தீர்ப்பு. 2025-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது.

இன்றைய நிலை

2025 நவம்பர் 21 முதல் 1961-ஆம் ஆண்டின் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இணைந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு.

மதிப்பீடு

வேலையிலிருக்கும் பெண்ணை இச்சட்டங்கள் ஓரளவு காத்துள்ளன. வேலை கேட்டு வரும் கருவுற்ற பெண்ணைக் காக்கும் வெளிப்படையான விதி 1961-ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்றவர்கள் பணியில் சேரத் தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள் என்று பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்ட விதி, 2022 ஜனவரியில் எதிர்ப்புக்குப் பின்னரே நிறுத்திவைக்கப்பட்டது. 26 வார ஊதியத்தில் ஏழு வாரத்துக்கானதை அரசு திருப்பித் தரும் திட்டத்தைத் தொழிலாளர் அமைச்சகம் 2018-இல் பரிசீலித்தது. இது 1928-இல் அம்பேத்கர் சொன்னதன் ஒரு சிறு பகுதியே. பிள்ளைப்பேற்றின் செலவைக் காப்பீடும் அரசும் ஏற்காதவரை, வேலைநீக்கத்தைத் தடுக்கும் விதிகளை எவ்வளவு கடுமையாக்கினாலும், சேர்க்கும் இடத்திலேயே பெண்கள் தவிர்க்கப்படுவது தொடரும்.